முந்தின நாள் ரெக்கார்டு, மறுநாள் கடைசி இடம்: டேலி திரும்பி வந்தது எப்படி?

11 ஆகஸ்ட் 2024, ஞாயிறு ராத்திரி

பிரிட்டன் டைவிங் வீரர் டாம் டேலியைப் பத்தி, அதாவது பத்து மீட்டர் உயர மேடைல இருந்து குளத்துல பாயற போட்டியைப் பத்தி, கூடலூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு, அப்படியே போடறேன்: "டாம் டேலி 2016 ரியோல பத்து மீட்டர் முதல் சுத்துல ஒலிம்பிக் ரெக்கார்டு வெச்சாரு, மறுநாள் செமில பதினெட்டு பேர்ல பதினெட்டாவது. மனசுல தெம்பு இல்லங்கறதைத் தவிர இதுக்கு வேற என்னங்க காரணம் இருக்க முடியும்? இப்ப பாரிஸ்ல ஜோடியா வெள்ளி வாங்கினதும் எல்லாரும் தலைல தூக்கி வெச்சு ஆடறாங்க."

தம்பி, மொதல்ல அங்க மழை எப்படி இருக்கு, எல்லாரும் பத்திரமா இருக்கீங்களா? வயநாடு செய்தி வந்ததுல இருந்து கூடலூர், தேவாலான்னு யார் சொன்னாலும் மனசு பதறுது.

விஷயத்துக்கு வரேன். தெம்பு இல்லாத ஆள் பத்து மீட்டர் மேடைக்கு ஏறவே மாட்டான். மூணு மாடி உயரம் அது. அங்க இருந்து விழுந்தா தண்ணிய தொடற வேகம் மணிக்கு அம்பது கிலோமீட்டர், மொத்தமா ரெண்டு செகண்டு கூட கிடையாது, அதுக்குள்ள மூணரை சுத்து சுத்தி, உடம்பை விரிச்சு, கை முன்னால போய் நேரா எறங்கணும். டேலி 14 வயசுல பெய்ஜிங் போனவரு, 15 வயசுல ரோம்ல உலக சாம்பியன். 2011ல அப்பா மூளைக் கட்டில செத்துட்டாரு, அடுத்த வருஷமே லண்டன்ல சொந்த நாட்டு கூட்டத்துக்கு முன்னாடி வெண்கலம். இந்த ஆளைப் போய் தெம்பு இல்லாதவன்னு சொல்றதை என்னால ஏத்துக்கவே முடியல. நான் கோத்தகிரில பள்ளிக்கூடத்துல பி.டி. டீச்சர். புள்ளைங்க தோத்துட்டு வர்றப்ப எல்லாரும் சொல்ற மொத வார்த்தை இதுதான், "பயந்துட்டா". அதுக்கு அப்புறம் என்ன நடந்துச்சுன்னு யாரும் பாக்கறதில்ல. மீதிய நாளைக்கு எழுதறேன், கரண்ட் போயிட்டு போயிட்டு வருது.

13 ஆகஸ்ட்

டேலி ரிட்டயர் ஆகறாருன்னு செய்தி வந்துடுச்சு. அஞ்சு ஒலிம்பிக், அஞ்சு மெடல். அதனால இதை இன்னும் ஒழுங்கா எழுதணும்னு தோணுது.

ரியோ கணக்கை எடுத்துக்கோங்க. முதல் சுத்துல 571.85. செமில 403.25. ரெண்டுலயும் ஆறு ஆறு டைவ்தான். 168 புள்ளி எங்க போச்சு? தனி ஆட்டத்துல ஏழு ஜட்ஜ், மேல ரெண்டு கீழ ரெண்டு மார்க்கை தள்ளிட்டு நடு மூணை கூட்டி, அந்த டைவோட கஷ்ட எண்ணால பெருக்குவாங்க. கஷ்டம் 3.6 உள்ள டைவ், நடு மூணும் 8.5ன்னு வெச்சுக்கோங்க, 91.80 வரும். அதே டைவ்ல தண்ணி தெறிச்சு, கால் மடங்கி அஞ்சு அஞ்சா விழுந்தா 54. ஒரு டைவ் கெட்டா 38 போகும். அப்ப 168ங்கறது ஒரு டைவ் சறுக்கினது இல்ல, அன்னிக்கு வரிசையா பல டைவும் கொஞ்சம் கொஞ்சமாவோ மொத்தமாவோ சரிஞ்சிருக்கு.

ஒருத்தர் "முதல் சுத்து ரெக்கார்டு புள்ளி கைல இருக்கறப்ப எப்படிங்க வெளிய போவாரு"ன்னு கேட்டிருக்காரு. இல்லீங்க, அது கைல இருக்காது. 28 பேர்ல 18, 18ல 12, ஒவ்வொரு சுத்தும் பூஜ்யத்துல இருந்துதான் ஆரம்பம். முந்தின நாள் நீங்க என்ன அடிச்சிருந்தாலும் மறுநாள் போர்டுல உங்க பேருக்கு நேரா ஒண்ணும் இருக்காது. இது எனக்கு ஊட்டி எச்.ஏ.டி.பி. கிரவுண்டுல நல்லா பழக்கமான காட்சி. ஹீட்ஸ்ல உயிரைக் குடுத்து ஓடி மொதல்ல வந்த பொண்ணு, ஃபைனல்ல வளைவுலயே கால் கனத்து நிப்பா. பயம் இல்ல அது. உச்சம் ஒரு நாள் முன்னாடியே வந்துடுச்சு, அவ்வளவுதான். டேலிக்கும் அப்படித்தான்னு நான் நம்பறேன்.

13 ஆகஸ்ட், மறுபடியும்

திரும்பி வந்ததை எழுதாம விட்டுட்டேன் பாருங்க. ரியோ செமி நடந்தது 2016 ஆகஸ்ட் 20. 2017 ஜூலைல புடாபெஸ்ட் உலக சாம்பியன்ஷிப், அதே பத்து மீட்டர், 590.95. ரெண்டாவது வந்தது யாரு? ரியோல தங்கம் வாங்கின அதே சென் ஐசென். பதினோரு மாசத்துல கடைசி இடத்துல இருந்து உலக சாம்பியன். நடுவுல கல்யாணமும் முடிச்சாரு மனுசன்.

17 ஆகஸ்ட்

ரெண்டு மூணு நாளா இதே நெனப்பு. பள்ளிக்கூடத்துல சுதந்திர தின அணிவகுப்பு முடிஞ்சு இன்னிக்குத்தான் உக்காந்தேன். ஒரு விஷயம் எனக்கு பளிச்சுனு பட்டுச்சு, யாரும் இதைப் பேசி நான் பாக்கல.

லண்டன்ல டேலி மெடல் வாங்கினாரு. ஊரே கொண்டாடுச்சு, கூட்டாளிங்க எல்லாரும் சேர்ந்து பூலுக்குள்ள குதிச்சாங்க. ஆனா அதுக்கு அடுத்த வருஷம் எல்லாத்தையும் மாத்திட்டாரு: சின்ன வயசுல இருந்து இருந்த கோச்சை விட்டாரு, பிளிமத்தை விட்டு லண்டன் வந்தாரு, ஜேன் ஃபிகரேடோங்கற புது கோச். ரியோல கடைசியா வந்தாரு. அதுக்கு அப்புறம் கோச்சை மாத்தல. அதே ஜேன், அதே ஊர். ஜெயிச்சப்ப மாத்தினாரு, தோத்தப்ப மாத்தல!

ஏன்னு யோசிச்சா, லண்டன் ஃபைனல்ல மொத டைவ் போடறப்ப கூட்டத்துல கேமரா ஃபிளாஷ் மின்னி கண்ணைக் கெடுத்துடுச்சு. முறையிட்டு, நடுவர் ஒத்துக்கிட்டு, அதே டைவை இன்னொரு தடவ போட்டாரு. மெடல் வந்துச்சு. ஆனா அந்த ட்விஸ்ட் டைவ் (சுத்தறப்பவே உடம்பை முறுக்கற டைவ்) மேல ஒரு பயம் உள்ள உக்காந்துடுச்சு. பின்னாடி திரும்பி நின்னு, ரெண்டரை சுத்து, ரெண்டரை முறுக்கு, டைவ் நம்பர் 5255-பி. அடுத்த ரெண்டு மூணு வருஷம் அது அவரைப் படுத்தின பாடு கொஞ்சம் இல்ல. கடைசில அதைத் தள்ளி வெச்சுட்டு வேற ட்விஸ்ட் டைவ் கத்துக்கிட்டாரு, 2015ல கஸான் உலகப் போட்டில வெண்கலம். அதனால மெடல் கழுத்துல தொங்கினாலும் உள்ள ஒண்ணு உடஞ்சிருந்துச்சு, அதைச் சரி பண்ண எல்லாத்தையும் மாத்த வேண்டி இருந்துச்சு. ரியோல கடைசி இடம் வந்தாலும் உள்ள ஒண்ணும் உடையல, முந்தின நாள் 571 போட்ட உடம்பு அது, அதை எதுக்கு மாத்தணும்? மார்க்கை வெச்சு முடிவு எடுக்கக் கூடாது, டைவை வெச்சு எடுக்கணும்னு எனக்குத் தோணுது. எங்க பள்ளிக்கூடத்துல ஜோனல்ல தோத்துட்டு வந்தா அடுத்த வாரமே ஈவென்ட்டை மாத்திடுவாங்க, நூறு மீட்டர்ல வரலியா, நீளம் தாண்டு. எனக்கு வர்ற கோவம் இருக்கே.

18 ஆகஸ்ட்

கொடைக்கானல்ல இருந்து ஒரு அக்கா: "லூகானிஸ் போர்டுல தலை அடிச்சு ரெண்டு வாரம் கழிச்சு வந்து ஜெயிச்சாரே, அதுவும் இதுவும் ஒண்ணுதானே?"

அக்கா, அமெரிக்க டைவர் கிரெக் லூகானிஸ் கதைதானே, ரெண்டு வாரம் இல்ல, அதே போட்டி. 1988 சியோல் ஒலிம்பிக், மூணு மீட்டர் ஸ்பிரிங்போர்டு (துள்ளற பலகை) முதல் சுத்து, ஒன்பதாவது டைவ், ரிவர்ஸ் ரெண்டரை. முன்னாடி பாஞ்சு போர்டு பக்கமா சுத்தற டைவ் அது. தலைல அடிபட்டு, தையல் போட்டு, கொஞ்ச நேரத்துல திரும்பி வந்து அடுத்த டைவ் போட்டாரு. மறுநாள் ஃபைனல்ல எந்த டைவ்ல அடிபட்டுச்சோ அதே டைவைத் திரும்பப் போட்டுத்தான் தங்கம். அப்புறம் பத்து மீட்டர்லயும் தங்கம், வித்தியாசம் வெறும் 1.14 புள்ளி. தோத்த பையன் சீனாவோட ஷியோங் நீ, 14 வயசு.

அந்தப் பையன் கதைதான் எனக்கு இன்னும் பிடிக்கும். 1992ல பத்து மீட்டர்ல வெண்கலம். அப்புறம் மேடைய விட்டுட்டு மூணு மீட்டர் போர்டுக்கு மாறி 1996ல தங்கம். ஒதுங்கிப் போயி, திரும்பி வந்து, 2000 சிட்னில மறுபடியும் தங்கம், இந்தத் தடவ 0.30 புள்ளில. 1.14ல தோத்தவன் 0.30ல ஜெயிச்சான். பன்னெண்டு வருஷம்.

25 ஆகஸ்ட், மத்தியானம்

என் சொந்த விஷயம் ஒண்ணு இருக்கு, அதனாலதான் இவ்வளவு எழுதறேன். அண்ணன் பொண்ணு சென்னைல டைவிங் பண்றா, ஒன்பதாவது படிக்கிறா. வேளச்சேரில 1995 தெற்காசியப் போட்டிக்காகக் கட்டின குளம் இருக்குல்ல, அதைப் பாத்துத்தான் அவளுக்கு ஆசையே வந்துச்சு. ஏப்ரல்ல ஒரு போட்டில மூணு மீட்டர் போர்டுல ரிவர்ஸ் டைவ். நடந்து வந்தா, முட்டிய தூக்கினா, போர்டு நுனில நின்னுட்டா. நின்னுட்டு மறுபடியும் ஆரம்பிச்சா ஒவ்வொரு ஜட்ஜ் மார்க்குலயும் ரெண்டு கழிப்பாங்க. ரெண்டாவது தடவையும் நின்னா அந்த டைவ் பூஜ்யம். அவ ரெண்டாவது தடவையும் நின்னுட்டா.

லீவுக்கு இங்க வந்தப்ப, "அத்தை, எனக்கு போர்டு தெரியவே இல்ல, என் தலை மட்டும்தான் தெரிஞ்சுச்சு"ன்னா. அண்ணன் ஃபோன்ல "இவளுக்கு தெம்பு பத்தாதும்மா, படிக்கட்டும் விடு"ன்னு. கூடலூர் தம்பி கேள்விய பாத்ததும் எனக்கு சுருக்குனு ஆனது அதனாலதான், தப்பா நினைக்காதீங்க தம்பி.

கோத்தகிரில டைவிங் குளத்துக்கு எங்க போறது, டைவிங்குக்குத் தண்ணி 26 டிகிரிக்குக் கொறையக் கூடாதுன்னு விதியே இருக்கு, நம்ம ஊர் தண்ணில விரலை விட்டாலே வெறைச்சுடும். ஆனா அவ கோச் சொன்னது தண்ணி வேண்டாம், தரை போதும்னு. டைவிங்காரங்க பாதிப் பயிற்சிய தரைலதான் பண்றாங்க, மெத்தை, டிராம்போலின், இடுப்புல பெல்ட் கட்டி கயித்துல தொங்கறது. பள்ளிக்கூட ஹால்ல காலைல மூடுபனி ஜன்னல்ல அப்பிக்கிட்டு நிக்கறப்ப ஹேண்ட்ஸ்டாண்ட். சுவத்துல குதிகால் மட்டும் தொடணும். கையை எப்படி வெக்கணும்னு அவதான் எனக்குக் காட்டினா: ஒரு கை இன்னொரு கையோட பின்பக்கத்தைப் புடிச்சு, உள்ளங்கை தண்ணியப் பாத்து தட்டையா. விரலைக் கூராக் குவிச்சு எறங்கறதுன்னுதான் நாமெல்லாம் நெனச்சிருக்கோம், இல்லவே இல்ல, தட்டைக் கைதான் தண்ணில ஓட்டை போடும், அந்த ஓட்டைக்குள்ள உடம்பு முழுசும் போகணும், அப்பத்தான் தெறிக்காது. தோள் காதோட ஒட்டணும், நடுவுல என் விரல் நுழையக் கூடாது. முதல்ல ரெண்டு விரல் நுழைஞ்சுச்சு. லீவு முடிஞ்சு போறப்ப நகம் கூட நுழையல. மணிக்கட்டுல ஒட்டின டேப்பு ஓரமெல்லாம் அழுக்காகி சுருண்டு கெடந்துச்சு, அதைப் பிரிக்க மாட்டேன்னுட்டா.

ரிவர்ஸைப் பத்தி ஒரு வார்த்தை பேசல நாங்க. கோச் உத்தரவு.

26 ஆகஸ்ட்

"அப்ப உங்க பொண்ணும் டேலி மாதிரி அந்த டைவை மாத்திடலாமே"ன்னு ஒருத்தர். ராத்திரி பூரா யோசிச்சேன். டேலி ட்விஸ்டை மாத்தினாரு, சரி. லூகானிஸ் அதையே போட்டாரு, சரி. ரெண்டும் சரியா இருக்க முடியுமா? முடியும்னு நினைக்கிறேன். லூகானிஸ் அந்த டைவை எத்தனையோ வருஷமா போட்டுப் போட்டு உடம்புல ஊறினது, ஒரு தடவ தவறிப் போச்சு, அடுத்த நாள் உடம்பு அதைக் கண்டுபுடிச்சுடுச்சு. டேலிக்கு அந்த பயம் வருஷக்கணக்கா ஊறிடுச்சு. ஜிம்னாஸ்டிக்ஸ்ல சிமோன் பைல்ஸைப் பாருங்க, டோக்கியோல அந்தரத்துல எங்க இருக்கோம்னே தெரியாமப் போயி டீம் ஃபைனல்ல விலகினாங்க, திரும்பி வந்து முறுக்கு இல்லாம பீம்ல வெண்கலம், இப்ப பாரிஸ்ல மூணு தங்கம் ஒரு வெள்ளி. யாரும் அவங்களை அன்னிக்கு அந்த முறுக்கைப் போட்டே ஆகணும்னு புடிச்சுத் தள்ளல. தள்ளியிருந்தா கழுத்து போயிருக்கும்.

1 செப்டம்பர்

சீனாவோட டைவர் குவான் ஹொங்சான் பத்தி யாருமே பேசலியே. எனக்கு இந்த ஒலிம்பிக்லயே மனசுல நின்னது அந்தப் பொண்ணுதான்.

டோக்கியோல 14 வயசு, 466.20 புள்ளி. அப்புறம் வளந்துட்டா. டைவர் வளந்தா நீளமான உடம்பு மெதுவாத்தான் சுத்தும், அதே உயரம், அதே நேரம், சுத்து பத்தாது. 2022 புடாபெஸ்ட், 2023 ஃபுகுவோகா, ரெண்டு உலகப் போட்டிலயும் பத்து மீட்டர் தனில அவ நாட்டு சென் யூஷிகிட்டயே தோத்து ரெண்டாவது. 207-சின்னு ஒரு டைவ், பின்னாடி மூணரை சுத்து, அது அவளை விட்டபாடில்ல, சீனா பூரா அந்த நம்பர் தெரியும். அவ அதை மாத்தல. போட்டில போடற டைவ் லிஸ்ட்லயே வெச்சிருந்தா. 2024 தோஹால உலகத் தங்கம், ஆகஸ்ட்ல பாரிஸ்ல 425.60, சென் யூஷி 420.70.

இப்ப பாருங்க, டோக்கியோல 466 போட்டவ பாரிஸ்ல 425 போட்டு ஜெயிச்சா. பழைய குவானை விட நாப்பது புள்ளி கம்மி. திரும்பி வர்றதுன்னா பழைய ஆளாத் திரும்பறதுன்னு நாம நெனக்கிறோம். பழைய 14 வயசு உடம்பு எங்க இருக்கு திரும்பறதுக்கு? இருக்கற உடம்போட வந்தா. இதை எழுதறப்பவே கண்ணு கலங்குது எனக்கு, பொண்ணு புள்ளைங்க வளர்ற வயசுல திடீர்னு ஓட்டம் கொறஞ்சு அழுதுட்டு வந்து என் ரூம் வாசல்ல நிப்பாங்க, அவங்களுக்கு இதைச் சொல்லணும். இத்தனை வருஷமா எனக்குச் சொல்றதுக்கு ஒரு ஆள் கிடைக்காம இருந்துச்சு.

1 செப்டம்பர், ராத்திரி

கூடலூர் தம்பி: "ஒரே ஒரு டைவ் சறுக்கி திரும்பினவங்க யாராவது?" இருக்காங்களே, இந்த ஒலிம்பிக்லயே. ஜப்பான் தமாய் ரிக்குதோ. ஆண்கள் பத்து மீட்டர் ஃபைனல், அஞ்சாவது டைவ் மோசமா கெட்டுச்சு. கடைசி டைவ் 99.00. வெள்ளி. ஜப்பானுக்கு டைவிங்ல மொத ஒலிம்பிக் மெடல். அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல இருக்கற சில நிமிஷத்துல அந்தப் பையன் எப்படி நின்னான்னு ரீப்ளேல பாருங்க. இது தெம்புதான் தம்பி, ஒத்துக்கறேன், உங்க வார்த்தைக்கு இங்க வேலை இருக்கு.

9 செப்டம்பர்

மழை. தேயிலை எடுக்கற ஆளுங்க மேல பாலித்தீன் கட்டிக்கிட்டு போறாங்க. வேற ஒண்ணும் எழுத நேரம் இல்ல, காலாண்டுப் பரீட்சை.

22 செப்டம்பர்

பொண்ணு ஃபோன் பண்ணா. கோச் அவளை முதல்ல குளத்து ஓரத்துல நிக்க வெச்சு நேரா விழ விட்டிருக்காரு, வெறும் விழறது, கை தட்டை, தோள் காதோட. அப்புறம் ஒரு மீட்டர்ல ரிவர்ஸ் திசைல கால் முதல்ல எறங்கற குதி. சுத்தே இல்ல. போர்டு எங்க இருக்குன்னு கண்ணுக்குப் பழகட்டும்னு. "அத்தை, இப்ப எனக்கு போர்டு தெரியுது"ன்னா. மூணு மீட்டருக்கு இன்னும் போகல.

அண்ணனுக்கும் எனக்கும் நேத்து பெரிய சண்டை. அவனுக்கு அடுத்த போட்டில பொண்ணு ஜெயிச்சுக் காட்டணும், அதுதான் திரும்பி வர்றதுன்னு. "பூஜ்யம் வாங்கின பேரு போகணும்ல"ங்கறான். டா, பேரு யாருக்கு, உனக்கா அவளுக்கான்னு கேட்டுட்டேன். அண்ணி நடுவுல வந்து ஃபோனை வாங்கிட்டாங்க. டேலி கதைய அவனுக்கு எழுதி அனுப்பியிருக்கேன், ரியோவுல இருந்து புடாபெஸ்ட் வரைக்கும். படிச்சானான்னு தெரியல.

6 அக்டோபர்

அடுத்த போட்டிக்கு லிஸ்ட் குடுத்தாச்சு. ரிவர்ஸ்ல சுத்து கம்மியான, கஷ்ட எண் கம்மியான டைவ் ஒண்ணைப் போட்டிருக்காங்க, பழசு இல்ல. அந்த வகையையே விட முடியாதே, விதிப்படி எல்லா வகைலயும் போட்டாகணும். மெடல் வராது, கணக்குப் போட்டுப் பாத்துட்டேன், மொத மூணு பேரோட லிஸ்ட் கஷ்டமானது. கோச் முடிவு சரிதான்னு நான் முழு மனசா சொல்றேன். அண்ணன் ஒண்ணும் சொல்லல, ஆனா போட்டிக்கு லீவு போட்டிருக்கான், வழக்கமா போட மாட்டான்.

கொடைக்கானல் அக்கா கேட்டதுக்கு: வீடியோவை ஃப்ரேம் ஃப்ரேமா பாக்க தனி ஆப் எதுவும் வேண்டாம்கா, யூடியூப்ல கம்ப்யூட்டர்ல நிறுத்திட்டு கமா, புள்ளி பட்டனை அமுக்குனா ஒவ்வொரு ஃப்ரேமா நகரும். உங்க பையன் டைவைப் பாக்கறப்ப தண்ணில விழற இடத்தைப் பாக்காதீங்க, கால் போர்டை விட்டு எழும்பற இடத்தைப் பாருங்க. கெட்டது பெரும்பாலும் அங்கயே கெட்டிருக்கும். அவனுக்கும் போட்டுக் காட்டுங்க, ஆனா போட்டி அன்னிக்கு ராத்திரி வேண்டாம், ரெண்டு மூணு நாள் போகட்டும்.